எமரால்டு சிறுதோட்டப் பெண்களும் நலச்சேவைகளும்

நீலகிரியின் குந்தா பகுதியிலுள்ள எமரால்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் தேயிலையும் மலைக்காய்கறியும் முதன்மை வாழ்வாதாரங்களாகும். கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கான நலச்சேவைகளின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆயின் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரும், பொதுவாக 5 எக்டேர் நிலமும் 15 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கே அது பொருந்தியது. காப்பகத்திற்கோ 50 பெண் தொழிலாளர் அல்லது அவர்தம் குழந்தைகள் 20 பேர் இருத்தல் வேண்டியிருந்தது. ஓரிரு ஏக்கர் உடைய சிறு விவசாயியிடம் நாட்கூலிக்குப் பறிப்பவர் இவ்வரம்பிற்கு வெளியே நின்றார். உழைப்பு ஒன்றாயினும் உரிமையை நிலத்தின் பரப்பளவே தீர்மானித்தது.

இவ்விடைவெளியை அங்கன்வாடிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஓரளவு நிரப்புகின்றன. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் தொடங்கிய குழு இயக்கம், 1997-98 முதல் மகளிர் திட்டமாக விரிந்தது. 12 முதல் 20 பேர் கொண்ட குழு சேமிப்புக்கும் கடனுக்கும் வழிசெய்வதோடு, மனச்சுமையைப் பகிரும் இடமாகவும் அமையக்கூடும். எனினும் கடன் கூலியிலிருந்தே திருப்பப்படுகிறது. மகப்பேற்றிலும் நோயிலும் கூலி நின்றாலும் தவணை நிற்பதில்லை.

ஆகவே, குழு உரிமைக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது. நலச்சேவையை நிலப்பரப்போடன்றி உழைப்பவரோடு இணைத்தலே பொருத்தமாகும்.