பெரட்டு வேறு, அஜைல் கூட்டம் வேறு: கணினித் துறை மாணவர்கள் முதல் குழுப்பணியில் அறிய வேண்டியவை

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு சிரம்பான், பஹாவ், போர்ட்டிக்சன், தம்பின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலிருந்தும் கணினித் துறையில் படிக்கச் செல்லும் பிள்ளைகள் பலர் உண்டு. நீலாய் உயர்கல்விக்கூடங்களிலோ, பாலிடெக்னிக்கிலோ, வெளிமாநிலப் பல்கலைக்கழகத்திலோ இரண்டாம், மூன்றாம் ஆண்டை எட்டும்போது அவர்கள் ஒரு சொல்லைக் கட்டாயம் எதிர்கொள்கிறார்கள். அஜைல் என்பதே அந்தச் சொல்.

அதுவரை தனியாகப் படித்து, தனியாகத் தேர்வெழுதி, தனியாகப் புள்ளி வாங்கிய மாணவர் இப்போது ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் சேர வேண்டும். தினமும் கூடிப் பேச வேண்டும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே தடுமாறுகிறார்கள். குடும்பத்திலேயே முதலாவதாக உயர்கல்விக்குப் போனவர் என்றால், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. குழுப்பணியின் புள்ளியும், அதைத் தொடரும் தொழிற்பயிற்சியும், அதன்வழி கிடைக்கும் முதல் வேலையும் இந்தத் தடுமாற்றத்தைக் கடப்பதைப் பொறுத்தே அமைகின்றன.

ரப்பர் நடுவதும் கீரை போடுவதும்

அஜைல் ஏன் வந்தது என்பதை அறிய, அதற்கு முன்பிருந்த முறையைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். செம்பனை என்றாலும் முதல் அறுவடைக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். நிலம், கன்று, நிரை, இடைவெளி எல்லாவற்றையும் முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். நட்ட பிறகு மனம் மாறினால் நட்டம் பெரிது. வீட்டுக்குப் பின்னால் போடும் கீரைப் பாத்தி அப்படியில்லை. ஒரு மாதத்திற்குள் பலன் தெரிந்துவிடும். முளைக்கவில்லை என்றால் அடுத்த வாரமே வேறு விதை போடலாம்.

மென்பொருள் துறை நெடுங்காலம் ரப்பர் நடுவதுபோல்தான் நடந்தது. எல்லாத் தேவைகளையும் எழுதி முடித்து, பிறகு வடிவமைத்து, பிறகு நிரல் எழுதி, கடைசியில் சோதித்துப் பார்ப்பார்கள். அருவிநீர் மேலே ஏறாது என்பதால் இதற்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர் வந்தது. இந்த வரிசையை 1970-இல் படம் போட்டு விளக்கிய வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரே, இப்படி ஒரே போக்கில் போவது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார். படத்தைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கை பின்தங்கிவிட்டது.

விளைவு என்ன? ஓராண்டு, ஈராண்டு உழைத்து முடித்த மென்பொருளைப் பயனீட்டாளரிடம் கொடுக்கும்போது, "நாங்கள் கேட்டது இதுவல்ல" என்ற பதில் வரும். அதற்குள் பணமும் காலமும் தீர்ந்திருக்கும்.

17 பேர் கூடிய கூட்டம்

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் கூடினார்கள். அவர்கள் வெளியிட்ட சிறிய அறிக்கையே அஜைல் பிரகடனம். நான்கு மதிப்பீடுகளும் 12 கொள்கைகளும் கொண்டது அது. கருவிகளைவிட மனிதர்களும் அவர்களின் உரையாடலும் முக்கியம். தடித்த ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருள் முக்கியம். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பது முக்கியம். போட்ட திட்டத்தைக் கட்டிக்கொண்டிருப்பதைவிட மாற்றத்திற்கு ஏற்ப நடப்பது முக்கியம் என்பதே அதன் சாரம். ஆவணமும் திட்டமும் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எதற்கு முதலிடம் என்பதைத்தான் சொன்னார்கள்.

கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மார்ட்டின் ஃபௌலர் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த நிறுவனத்திற்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அலுவலகங்கள் உண்டு. ஆகவே இது நம்மவர்களுக்குத் தொலைவில் உள்ள சங்கதி அல்ல.

அஜைல் என்பது ஒரு பொதுப்போக்கு. அதை நடைமுறைப்படுத்தும் முறைகள் பல. மாணவர்கள் பெரும்பாலும் முதலில் பயில்வது ஸ்கிரம். ரக்பி ஆட்டத்தில் இரு அணி வீரர்களும் தோளோடு தோள் கோத்துப் பந்துக்காக முட்டி நிற்பதற்கு அந்தப் பெயர். ஜப்பானியப் பேராசிரியர்களான தக்கேயுச்சியும் நொனாக்காவும் 1986-இல் எழுதிய கட்டுரையில், புதிய பொருள்களை விரைவாக உருவாக்கும் நிறுவனக் குழுக்களை ரக்பி அணியோடு ஒப்பிட்டிருந்தார்கள். ஜெஃப் சதர்லண்டும் கென் ஷ்வேபரும் அதை மென்பொருளுக்கான பணிமுறையாக வளர்த்து 1995-இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள்.

இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும் தவறு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் எத்தனை குலை வெட்டினார் என்பதைக் கைப்பேசியில் பதியும் செயலி ஒன்றை ஐந்து மாணவர்கள் உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், செயலியில் வேண்டியவற்றை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதுவார்கள். இதற்கு 'பேக்லாக்' என்று பெயர். ஒவ்வொன்றும் பயனீட்டாளரின் வாய்மொழியாக இருக்கும். "கிராணியாகிய எனக்கு ஒவ்வொருவரின் குலைக் கணக்கும் அன்று மாலையே வேண்டும், அப்போதுதான் சம்பளக் கணக்கில் தவறு வராது" என்பதுபோல. எது முதலில் என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு ஒருவருக்கு உண்டு. அவர் 'புராடக்ட் ஓனர்'. பணிமுறை ஒழுங்காக நடக்கவும் தடைகள் நீங்கவும் உதவுபவர் 'ஸ்கிரம் மாஸ்டர்'. மற்றவர்கள் உருவாக்குநர்கள். மொத்தக் குழு வழக்கமாக 10 பேருக்கு மேல் போகாது.

பிறகு பட்டியலின் மேலிருந்து சிலவற்றை எடுத்து, குறித்த காலத்திற்குள் முடிப்பார்கள். அந்தக் காலமே 'ஸ்பிரிண்ட்'. அது ஒரு மாதத்திற்கு மேல் இருக்கக்கூடாது. மாணவர் குழுக்களுக்கு இரண்டு வாரம் பொருத்தமாக இருக்கும்.

முதல் ஸ்பிரிண்ட் முடிவில், அரைகுறையாக இருந்தாலும் இயங்கும் செயலியைக் கிராணியிடம் காட்டுகிறார்கள். அவர் பார்த்துவிட்டு, "காட்டுக்குள்ள லைன் கிடைக்காதே தம்பி, அப்புறம் எப்படி இது வேலை செய்யும்?" என்று கேட்கிறார். இணையம் இல்லாமலும் கணக்கைச் சேமிக்க வேண்டும் என்பது அப்போதுதான் குழுவுக்கு உறைக்கிறது. பழைய முறையில் இது பருவத்தின் கடைசி வாரத்தில் தெரிந்திருக்கும். இங்கே இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. திருத்திக்கொள்ள நாள் இருக்கிறது. அஜைலின் பயன் இதுதான். தவறே நடக்காது என்று அது உறுதி சொல்வதில்லை. தவறு சீக்கிரம் வெளியே வர வழி செய்கிறது.

பெரட்டில் நிற்பதும் வட்டத்தில் நிற்பதும்

மாணவர்கள் அதிகம் திணறுவது தினசரிக் கூட்டத்தில். 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பதற்காகப் பல குழுக்கள் நின்றுகொண்டே பேசுகின்றன. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது தடையாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்வது வழக்கம். 2020-இல் திருத்தப்பட்ட ஸ்கிரம் கையேடு இந்த மூன்று கேள்விகளை நீக்கிவிட்டது. ஆயினும் வகுப்புகளிலும் அலுவலகங்களிலும் அவை தொடர்கின்றன.

நம் தோட்டக் குடும்பங்களுக்கு இது உடனே ஒன்றை நினைவூட்டும். விடிவதற்கு முன் நடக்கும் பெரட்டு. பெயர் கூப்பிடுவதும், நின்று கேட்பதும், கலைந்து வேலைக்குப் போவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. பெரட்டில் இன்னாருக்கு இன்ன நிரை என்று தண்டல் சொல்வார், தொழிலாளி கேட்டுக்கொள்வார். அஜைல் கூட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்க யாரும் இல்லை. குழுவினர் தாங்களே வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கிரம் மாஸ்டர் தண்டலும் அல்ல, துரையும் அல்ல. பேச வேண்டியதும் அவரைப் பார்த்து அல்ல. சக மாணவர்களைப் பார்த்து.

பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசாமல், சொன்னதைச் செய்து பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. வேலை வரும் என்று காத்திருப்பார்; மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நிரலில் எங்கோ மாட்டிக்கொண்டாலும் "செய்துகொண்டிருக்கிறேன்" என்று மூன்று நாள் சொல்வார். தெரியவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்ற அச்சம். குழுவோ அவர் முடிப்பார் என்று நம்பிக் காத்திருக்கும். அஜைல் முறையில் தெரியாமல் இருப்பது குறையில்லை. அதை மறைப்பதுதான் மற்ற நால்வரின் வேலையையும் நிறுத்துகிறது.

மொழித் தயக்கமும் உண்டு. கூட்டம் ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கும். அன்றைய மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். நாலைந்து வாரத்தில் தாள் தேவைப்படாது.

குரல் தாழ்ந்தவருக்கும் இடம்

அமைதியான மாணவருக்குத் துணைநிற்கும் வழிகளும் இந்த முறையில் உள்ளன. ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று மதிப்பிடும்போது 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்கள் எழுதிய சீட்டுகளைப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொருவரும் தம் சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சத்தமாகப் பேசுபவரின் எண்ணை மற்றவர்கள் வழிமொழிய முடியாது. ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 13 என்றும் காட்டினால், இருவரும் காரணம் சொல்ல வேண்டும். 13 காட்டியவர் மற்றவர்கள் பார்க்காத ஒரு சிக்கலைப் பார்த்திருக்கக்கூடும்.

சுவரிலோ கணினியிலோ உள்ள பணிப்பலகை இன்னொரு துணை. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என மூன்று பத்திகள். ஜப்பானின் டொயோத்தா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய கன்பான் அட்டை முறையிலிருந்து வந்தது இது. யார் என்ன செய்தார் என்பது எல்லார் கண்ணிலும் படும். உழைத்தவரின் உழைப்பு மறைந்துபோகாது; ஒன்றும் செய்யாமல் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்பவரும் மறைய முடியாது.

ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிந்ததும் குழு தன்னைத் தானே திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேச வேண்டும். யார் மேல் குற்றம் என்று தேடும் இடம் அல்ல அது. அடுத்த இரண்டு வாரத்திற்கு ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்தாலும் கூட்டம் வெற்றிதான்.

தோட்டத்து வீட்டுக்கு வரும் வாரத்தில்

விடுமுறைக்கு வீடு திரும்பினால் இணையம் மெதுவாக இருக்கலாம். அதைக் கடைசி நேரத்தில் சொல்வதைவிட, ஸ்பிரிண்ட் தொடங்கும்போதே குழுவிடம் சொல்லிவிட வேண்டும். நிரல் சேமிக்கப் பயன்படும் 'கிட்' என்ற கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கினார். அது முழு வரலாற்றையும் அவரவர் கணினியிலேயே வைத்திருக்கும். இணையம் இல்லாமல் வேலை செய்து பதிந்துவிட்டு, டவுனுக்குப் போகும்போது அனுப்பிவிடலாம். தினசரிக் கூட்டத்திற்குக் குரல் அழைப்பு கிடைக்காவிட்டால் புலனத்தில் மூன்று வரி எழுதினாலும் போதும்.

குறைகளும் உண்டு

அஜைல் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. பிரகடனத்தில் கையெழுத்திட்ட டேவ் தாமஸ் என்பவரே, அந்தச் சொல் வெறும் விற்பனைச் சரக்காகிவிட்டது என்று 2014-இல் கடுமையாக எழுதினார். தினசரிக் கூட்டம் கண்காணிப்பாக மாறுவதும், ஸ்பிரிண்ட் என்ற பெயரில் ஓய்வின்றி வேலை வாங்குவதும் நடக்கின்றன. அப்படி நடந்தால் அது பெயர் மாற்றிய பெரட்டுதான். மாணவர் குழுவுக்கு இன்னொரு சிக்கல்: மற்ற பாடங்களும் தேர்வும் இருப்பதால் முழுநேரமும் இதில் செலவிட முடியாது. ஆகவே முதல் ஸ்பிரிண்டில் குறைவாக எடுத்து, அதை முழுமையாக முடிப்பதே நல்லது. 'முடிந்தது' என்றால் என்ன பொருள், சோதித்தும் பார்த்துவிட்டதா என்பதையும் முதல் நாளே பேசி வைக்க வேண்டும்.

பெற்றோருக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. தொலைபேசியில் "முடிச்சிட்டியா?" என்று கேட்பதோடு, "எங்க மாட்டிக்கிட்டிருக்கே, யார்கிட்ட கேட்டே?" என்றும் கேட்கலாம். வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்குக் கூட்டத்திலும் வாய் திறக்கும்.