உங்களுக்குத் தெரியுமா? திருவனந்தபுரத்தில் முக்கோணம் 180 பாகையைத் தாண்டும்!

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. பள்ளியில் படித்த இந்த உண்மை தாளில் நிற்கும். உருண்டைப் பூமியின் மேல் நிற்காது.

வட துருவத்திலிருந்து திருவனந்தபுரத்தின் தீர்க்கரேகை வழியே நேர் தெற்கே வாருங்கள். நகரம் இருப்பது வடக்கே 8.5 பாகையில். அதைத் தாண்டிக் கடலில் சுமார் 940 கி.மீ. போனால் நிலநடுக்கோடு. அங்கே செங்கோணமாக மேற்கே திரும்பி, பூமிச் சுற்றளவில் கால் பங்கான 10,000 கி.மீ. சென்றால் ஆப்பிரிக்காவைக் கடந்து அட்லாண்டிக். மறுபடி செங்கோணமாகத் திரும்பி வட துருவம். மூன்று கோணமும் 90, கூட்டினால் 270!

முக்கோணம் சிறுத்தால் 180-க்கு மேல் வரும் மிகையும் சிறுக்கும், ஆனால் மறையாது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பரப்பு 2,192 சதுர கி.மீ. அதே பரப்பில் பூமிமேல் வரையும் முக்கோணத்தில் சுமார் 11 விகலை கூடும் (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு விகலை). 1802-இல் சென்னையில் நில அளவையாளர் லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவையில் இந்த மிகையையும் கணக்கிட்டார்கள்.

அப்படியானால் கூட்டினால் 180 என்று பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் சொன்னது தவறா? இல்லவே இல்லை. அது சமதளத்துக்கான விதி; அந்த நிபந்தனைக்குள் எக்காலத்துக்கும் உண்மை. கோணங்களின் கூட்டுத்தொகை 180-க்குக் குறையும் வடிவியலையும் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829-இல் வெளியிட்டார். அதுவும் முரணற்றதே.

பிள்ளைகளுக்கு இந்த விதியைச் சொல்லும்போது ‘சமதளத்தில்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.