காலால் அளந்து வீடு வாங்குவோம்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம்மவர் முதுமொழி. பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நமக்கு அம்மொழியின் அருமை நன்கு தெரியும். மும்பை மாநகரில் வாடகைக்கு இருப்போர் பெரும்பாலும் பதினொரு மாதங்களுக்கொரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, வாடகை உயருமோ, வேறு வீடு தேட நேருமோ என்று அஞ்சி வாழ்கின்றனர். ஆகவே சொந்தமாக ஓர் இல்லம் வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் வீட்டுக்குள்ளே எத்தனை சதுர அடி என்று பார்ப்பவர்களில் பலர், வாசற்படிக்கு வெளியே கால் எதுவரை செல்லும் என்பதை அளப்பதில்லை. அதைக் குறித்தே இங்குச் சில வார்த்தைகள் கூற விழைகிறோம்.

இதற்கு நம்மவர் நன்கறிந்த மாதுங்காவே சிறந்த எடுத்துக்காட்டு. 1896-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடிற்று. அதன் விளைவாக 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. நெருக்கடி மிகுந்த பழைய நகருக்கு வடக்கே, தாதர், மாதுங்கா முதலிய இடங்களில் அது நிழல் தரும் மரங்களும், தோட்டங்களும், அகன்ற தெருக்களும் கொண்ட புதிய பகுதிகளை வகுத்தது. தென்னாட்டிலிருந்து குமாஸ்தாக்களாகவும் டைப்பிஸ்டுகளாகவும் வந்தவர்கள் அங்கே குடியேறினர். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கோயில், வாழையிலைக் கடை, பூக்கடை, காப்பிக் கடை ஆகிய யாவும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்தன. மாதுங்கா நம்மவருக்கு இரண்டாவது ஊராகத் திகழ்ந்ததற்கு அதுவும் ஒரு பெருங்காரணம்.

இன்று மாதுங்காவில் வீடு வாங்குவது ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாக் கனி. ஆனால் அதன் அமைப்பை வேறிடங்களில் தேடிக் கண்டுகொள்ளத் தடையில்லை. நாங்கள் டோம்பிவிலியில் வீடு தேடியபொழுது, ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வீடுகள் வந்தன. ஒன்று நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தொலைவில் மூன்று அறைகள் கொண்ட புது வீடு. மற்றொன்று நிலையத்துக்குப் பத்து நிமிஷ நடையில், லிப்ட் இல்லாத பழைய கட்டிடத்தின் முதல் மாடியில் இரண்டே அறைகள் கொண்டது.

பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்கிட்டோம். தொலைவிலுள்ள வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குச் செல்பவர் இருவர். போக வர நாலு தடவை. நாளொன்றுக்கு 80 ரூபாய். மாதம் 25 நாட்களுக்கு 2,000 ரூபாய். எட்டரை சதவிகித வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு வாங்கும் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்க் கடனின் மாதத் தவணை அது! காலமோ இதனினும் பெரிது. ஆட்டோவுக்குக் காத்திருத்தலும் நெரிசலும் சேர்ந்து நாள்தோறும் 50 நிமிஷம் கூடுதலாகுமானால், 300 வேலை நாட்களில் அது 250 மணி நேரம். பத்து நாட்களை இரவும் பகலுமாகச் சாலையில் கழிப்பதற்கு அது சமம்.

எனினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இக்கணக்கு அன்று, அம்மாதான். ஊரிலிருந்து வந்த அவருக்கு மராத்தி தெரியாது; ஹிந்தியும் அரைகுறையே. தொலைவிலுள்ள வீட்டின் வாசலில் அகன்ற நெடுஞ்சாலை; அதைக் கடக்க வேண்டுமானால் யாரேனும் துணை வேண்டும். அங்கே அவர் மூன்று அறைகளுக்குள் காவலில் வைக்கப்பட்டவர் போலாகிவிடுவார். இரண்டு அறை வீட்டில் இருந்தோ, மாலையில் தாமே படியிறங்கிக் கீரைக்காரியிடம் விரல்விட்டு விலை பேசி, கோயிலுக்கும் போய் வருகிறார். தம் காலால் தாமே நடந்து திரும்பும் உரிமை முதுமையில் பெரிய சொத்து. பிள்ளைகளுக்கும் அவ்வாறே, பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தை தெருவை அறிகிறது, தெருவும் குழந்தையை அறிகிறது.

ஆகவே வீடு பார்க்கச் செல்லும் அன்பர்கள் தரகரின் மோட்டார் வண்டியில் செல்லலாகாது. நிலையத்திலிருந்து நடந்தே செல்க. காலையில் ஒரு முறை, விளக்கு வைத்த பின் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை நடந்து பார்ப்பது நலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நகரப் பகுதி இது. தெருவில் நீர் எவ்வளவு தேங்கும் என்பதை மழைதான் உண்மையாகச் சொல்லும். ரயில்வே ஊழியர் என்ற முறையில் மற்றொன்றும் கூறுவோம். தண்டவாளத்தைத் தாண்டினால் ஐந்தே நிமிஷம் என்பவர் பேச்சை நம்பற்க. அது சட்ட விரோதம், உயிருக்கும் ஆபத்து. பாலத்தின் வழியாக எத்தனை நிமிஷம் என்பதே கணக்கு.

நடைக்கு அடுத்தது பத்திரம். புதுக் கட்டிடமாயின், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி அது மகாரேராவில் பதிவாகியுள்ளதா என்று காண்க. விலையைக் கார்ப்பெட் பரப்பைக் கொண்டே ஒப்பிடுக. ஒப்பந்தம் ரிஜிஸ்டர் ஆவதற்கு முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கட்டுவோருக்கு அச்சட்டம் அனுமதியளிக்கவில்லை. பழைய கட்டிடமாயின், கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் பங்குப் பத்திரம், நகரசபை தரும் குடிபுகு சான்றிதழ், நிலம் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்பது ஆகிய மூன்றையும் வக்கீலிடம் காட்டுவது அவசியம். 'பகடி' முறையில் கைமாறும் வீடு மலிவாகத் தோன்றலாம்; ஆனால் அங்கே நாம் வாங்குவது வாடகை உரிமையே அன்றி வீட்டின் உரிமையன்று.

பெரிய வீட்டில் அறை ஒன்று கூடும். அருகிலுள்ள சிறிய வீட்டில் தெரு முழுவதும் நம் கூடமாகும். கையிருப்பை எண்ணுமுன் காலடியை எண்ணுங்கள். வீட்டு முதியோரையும் உடன் அழைத்துச் சென்று எண்ணுங்கள்.