94இல் நின்ற வேகம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு இணையத்துக்கு 300 எம்பிபிஎஸ் வேகம் என்று மாதாமாதம் பணம் கட்டுகிறோம். கூடத்தில் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தால் அந்த வேகம் வருகிறது. உள்ளறையில் லேன் கேபிளில் இணைத்த டெஸ்க்டாப்பிலோ 94. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. நெரிசல்தான் காரணமென்றால் எண் ஏறி இறங்கும். இப்படிப் பிடிவாதமாக நின்றால் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1,000 வேண்டுமென்றால் நாலும் வேலை செய்ய வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் கம்ப்யூட்டரும் ரவுட்டரும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். தகவல் பொட்டலங்களின் மேல்விலாசச் செலவு போக அதில் மிஞ்சுவதுதான் 94.

தொண்ணூறுகளில் தி.நகரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட காலத்தில் இந்தப் பூடகமெல்லாம் கிடையாது. ஒரே கறுப்புக் கேபிள் மேசைக்கு மேசை தாவிப் போகும். யாராவது காலை நீட்டிப் பிடுங்கிவிட்டால் அறை முழுக்கப் படுத்துவிடும். அடையாறில் ஐஐடி, 1986இலேயே எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க் திட்டத்தின் எட்டு நிறுவனங்களில் ஒன்று. எங்கள் நெட்வொர்க்கோ வகுப்பறைச் சுவரையே தாண்டியதில்லை. 1973 மே 22 அன்று பாப் மெட்காஃப் இந்தக் கேபிள் இணைப்பு முறையான ஈதர்நெட் பற்றி எழுதிய குறிப்பிலும் எல்லாருக்கும் பொதுவான ஒரே கேபிள்தான். அண்டமெங்கும் நிறைந்திருப்பதாக ஒருகாலத்தில் நம்பப்பட்டு, இல்லையென்று கைவிடப்பட்ட ஈதரின் பெயரை அதற்கு வைத்தார்.

ரிச்சி தெருவில் பிளக்குகளும் கிரிம்பிங் கருவியும் வாங்கி வந்தேன். பழைய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் ஏழு செம்பு நுனிகள் முன்சுவரை முட்டி நிற்கின்றன; பழுப்பு மட்டும் அரிசி அகலம் உள்ளே தள்ளி.

வெட்டி, உறையைச் சீவி, முறுக்கைப் பிரித்தேன். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. முறுக்கியிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் விழும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக்காக 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிய உபாயம் இது. வரிசையில்தான் ஒரு வம்பு: பச்சை ஜோடியைப் பிரித்து, நடுவில் நீல ஜோடியை உட்கார வைக்க வேண்டும். நடு இரண்டு இடமும் பழைய தொலைபேசிக்கு விட்டுக்கொடுத்தவை!

முதல் இரண்டு பிளக்குகள் குப்பைக்குப் போயின. மூன்றாவதில் 286 வந்தது.