ஜோடிக் கத்தரியும் தினசரி மாத்திரையும்

"ஜீனையே வெட்டுற வைத்தியம் வந்துடுச்சாமே, இனி மாத்திரை எதுக்கு?" என்று பாகூர், வில்லியனூர் பக்கத்து மக்கள் கேட்கிறார்கள்.

சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயில் 9, 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்ள, கோளாறான ஒரு மரபணு உண்டாகிறது. அதிலிருந்து வரும் கைனேஸ் நொதி, 'பெருகு, பெருகு' என்று செல்லுக்கு ஓயாமல் கட்டளையிடும். இம்மரபணுவைக் கிரிஸ்பர் கத்தரியால் வெட்டலாம். இடம் தவறியும் வெட்டிவிடலாம். அதற்காக 2013-இல் வந்ததுதான் ஜோடிக் கத்தரி. ஒவ்வொன்றும் டி.என்.ஏ. ஏணியின் ஒரு பக்கத்தை மட்டுமே நறுக்கும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில், அருகருகே நறுக்கினால்தான் முழு வெட்டு. பேங்க் லாக்கருக்கு ரெண்டு சாவி மாதிரி!

இந்நோய்க்கு இது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான். 2001 முதல் இருக்கும் இமாடினிப் மாத்திரை அதே கைனேஸை அடக்குகிறது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: சூரணத்தை நம்பி நீங்களாக அதை நிறுத்தாதீங்க.