கூடத்துக்குள் விளையாட்டு விழாவும் லைசென்சும்

ஆரணிப் பட்டு நெசவாளர் வீடுகளில் அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து உழைப்போருக்கு, அன்றைய தினமாவது எழுந்து ஓடியாடி விளையாட ஓர் இடம் வேண்டும். ஆகவே ஆரணி நகரிலும், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவுக் கிராமங்களிலும் உள்ள வாலிபர்கள், இறகுப்பந்து, மேசைப்பந்து, கேரம், சதுரங்கம் முதலிய போட்டிகளைக் கூடத்துக்குள் நடத்த விரும்புவது இயல்பே. அதனை ஊக்குவிப்பதும் நம் கடமையே.

ஆடி, மார்கழி மாதங்களில் கலியாண மண்டபங்கள் வாடகைக்கு எளிதில் கிடைக்கும். ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலையின் கிடங்கும் சில சமயம் கிடைக்கும். கூடம் கிடைத்தவுடன் நோட்டீசு அச்சிட்டுச் சீட்டு விற்கத் தொடங்கிவிடுவர். லைசென்சின் நினைவு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் வரும். உடனே பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவரை முன்னிட்டுக்கொண்டு, "எப்படியாவது கையெழுத்து வாங்கித் தாருங்கள்" என்று அலுவலக வாசலில் நிற்பர். கையெழுத்து அல்ல, பரிசோதனையே லைசென்சின் உயிர் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குரிய சட்டம் மிகப் பழையது. பொதுமக்கள் கூடும் இடங்கள் பற்றி 1888ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, 500 சதுர அடியோ அதற்கு மேலோ பரப்புள்ள கட்டடத்தையோ, அடைப்புள்ள இடத்தையோ, லைசென்சு இன்றிப் பொதுக் கேளிக்கைக்குப் பயன்படுத்தலாகாது. 500 சதுர அடி என்பது இருபதுக்கு இருபத்தைந்து அடி. பெரிய வீட்டின் கூடம் ஒன்றின் அளவே. இறகுப்பந்தாட்டக் களம் மாத்திரமே 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. அதாவது 880 சதுர அடி. எனவே, "எங்களுடையது சிறிய கூடம்தானே" என்னும் வாதம் இங்கே செல்லாது. கட்டடம் அக்காரியத்துக்குப் பாதுகாப்பானதா, அது அமைந்துள்ள இடத்தினாலோ, அதன் உரிமையினாலோ, நடத்தப்போகும் காரியத்தினாலோ ஆட்சேபம் உண்டா என்பவற்றையே அதிகாரி ஆராய வேண்டும்.

இதுவன்றி, 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் லைசென்சுச் சட்டமும் உண்டு. கலியாண மண்டபம் போன்றவற்றுக்கு அச்சட்டப்படி தாசில்தார் அளிப்பதே "டி" படிவ லைசென்சு. மண்டபத்துக்கு அது இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று முன்பணம் கொடுக்கும் முன்னரே கேட்டுப் பார்க்கவேண்டும். ஆனால் அஃது இருப்பதனாலேயே, சீட்டு விற்று நடத்தும் விளையாட்டுக் கேளிக்கைக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதலாகாது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்போர் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் நேர்ந்ததோ நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. அங்கே எரிந்தது உள்விளையாட்டுக் கேளிக்கைக் கூடமே. தகரக் கொட்டகை, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை, விடுமுறைக் காலத்துக் கூட்டம். 27 உயிர்கள் போயின. அவர்களுள் சிறுவரும் இருந்தனர். தீ எங்கும் பற்றக்கூடும். ஆனால் உள்ளே இருப்போர் வெளியே வர வழி இருந்ததா என்பதே உயிரையும் சாவையும் பிரிக்கிறது.

அக்கண் கொண்டு நம் ஊர்க் கூடங்களைப் பார்ப்போம். நெல் மூட்டைக்காகக் கட்டிய கிடங்குக்கு ஒரே பெரிய உருளைக் கதவு, சன்னல்கள் கூரையோரத்தில். மூட்டை ஓடவேண்டியதில்லை, மனிதர் ஓடவேண்டும். இரண்டாவது வாயில் திறக்க இயலாத கிடங்கைப் போட்டிக்கு எடுக்கவேண்டா என்பதே என் கருத்து. பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் வெளியேறும் கதவு 2 மீட்டருக்குக் குறையாத அகலமுடையதாய் இருக்கவேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். விழா நேரத்தில் அதற்குப் பூட்டு ஆகாது. சீட்டு இல்லாதவர் நுழைந்துவிடுவர் என்று பின்கதவைப் பூட்டுவது நம்மவரின் பழக்கம். அங்கே இரண்டு தொண்டர்களை நிறுத்தினால் போதும்.

எத்தனை பேரை அனுமதிப்பது? இருக்கை இல்லாத கூடத்தில் ஆள் ஒருவருக்கு 1.5 சதுர மீட்டரும், நாற்காலி இட்ட கூடத்தில் 0.6 சதுர மீட்டரும் அவ்விதித்தொகுப்பின் கணக்கு. ஆட்டக் களம் போகப் பார்வையாளருக்கு 1,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 93 சதுர மீட்டர், எஞ்சுகிறது என்று கொள்வோம். நாற்காலி இன்றேல் 62 பேர். நாற்காலி இட்டால் 155 பேர். அக்கூடத்துக்கு 300 சீட்டு அச்சிடுவோரை என்னென்பது? சீட்டு அச்சிடும் முன் இக்கணக்கைப் போட்டுக்கொள்வது பணத்துக்கும் நல்லது.

ஆரணியில் ஒன்றை எளிதாக விளக்கலாம். பட்டு நூலைக் கொளுத்தினால் அது சுலபமாக எரியாது, கருகி அணையும் என்பதை நெசவாளர் அறிவர். கூடத்தை அலங்கரிக்க வாடகைக்கு வரும் பளபளப்புத் துணியோ பெரும்பாலும் செயற்கை இழை. உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். அதனை விளக்குகளின் அருகில் கட்டலாகாது. ஓலைப் பந்தல் கூடத்தின் மாடியில் கூடவே கூடாது.

இனி விண்ணப்பம். "உள்விளையாட்டு நிகழ்ச்சி நடத்த அனுமதி வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுப்பது திரும்பி வருவதற்கே வழி. எந்த விளையாட்டு, எந்த நாட்கள், எத்தனை மணி வரை, எத்தனை பேர், கட்டணம் உண்டா என்பவை தெளிவாக இருக்கவேண்டும். சர்வே எண்ணுடன் கூடத்தின் வரைபடம் ஒன்றை, வாயில்களின் அகலத்தையும் நாற்காலி வரிசைகளையும் குறித்து, இணைத்தல் வேண்டும். உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம், கட்டட உறுதி பற்றிப் பொறியாளர் தரும் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, மின் இணைப்பைச் சோதித்த லைசென்சு பெற்ற மின்பணியாளரின் சான்று ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால் அலைச்சல் குறையும். ஆரணி நகர எல்லைக்குள் எனில் முதலில் நகராட்சி அலுவலகத்தையும், கிராமமாயின் தாலுகா அலுவலகத்தையும் அணுகுக. ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்குதல் நலம். ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்க்கவேண்டும் அன்றோ?

கட்டணம் வசூலிப்பதாயின், 2017ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கேளிக்கை வரிச் சட்டம் தமது நிகழ்ச்சிக்குப் பொருந்துமா என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுக. ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும். பணம் பந்தயம் வைத்துச் சீட்டாடுவதற்கு விளையாட்டு லைசென்சு ஒருநாளும் திரையாகாது. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் அதனைக் கவனித்துக்கொள்ளும்.

பஞ்சாயத்தின் சமுதாயக் கூடத்தில் நடத்துவதாயின், தலைவர் வாய்மொழியாகச் சாவியைக் கொடுத்துவிடலாகாது. கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, வாடகையைப் பஞ்சாயத்து நிதியில் செலுத்தச் செய்து, இரசீது வழங்கவேண்டும். நமது சொந்தக் கூடம் என்பதால் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. உறுப்பினர்கள் சிபாரிசுக்காக அலுவலகம் வருவதைவிட, விழாவுக்கு முதல் நாள் மாலை கூடத்துக்கு நேரில் சென்று, விளக்குகளை அணைத்துவிட்டு, இருட்டில் இரண்டு வாயில்களுக்கும் தடுமாறாமல் போக முடிகிறதா என்று நடந்து பார்ப்பார்களாக. வழியில் நாற்காலி இடறினால், அந்த வரிசையை அப்பொழுதே எடுத்துவிடச் சொல்லலாம்.