கடல் அட்டை எப்படி விறைக்கிறது?

பாம்பன், மண்டபம் பக்கம் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியவர்களுக்குக் கடல் அட்டை புதிதல்ல. மணலோடு மணலாகக் கிடக்கும். சீண்டினால் உடம்பு விறைத்துக்கொள்ளும். விட்டால் மெல்லத் தளரும். முன்பு அவித்து, காயவைத்து ஏற்றுமதி செய்தார்கள். 2001 முதல் பிடிக்கவே தடை. ஆகவே சீண்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

விறைப்பது தசை மட்டுமல்ல, தடித்த தோலும்தான். அந்தத் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. நம் தோலிலும் தசைநாணிலும் இருப்பதும் கொலாஜன்தான். ஆனால் நம்முடையதற்கு இந்த வித்தை தெரியாது.

கொலாஜனின் வடிவம் பிடிபட்டது சென்னையில். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினார்கள். அந்தத் தசைநாணைக் கொடுத்தது பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். படத்தில் தெரிந்த மங்கலான தடங்களை மட்டும் வைத்து வடிவத்தை உறுதி செய்ய முடியாது. கைகொடுத்தது வேதியியல்: கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு, இருப்பதிலேயே சிறியதான கிளைசின். மூன்று சங்கிலிகள் நெருக்கி முறுக்கிய முப்புரிக் கயிறாக இருந்தால் கணக்கு சரியாக வந்தது; கயிற்றின் நடுவில் கிளைசினுக்கு மட்டுமே இடம் உண்டு.

வடிவம் தெரிந்தாயிற்று. விறைப்பு எங்கிருந்து வருகிறது? அசையாத படம் இதற்குப் பதில் சொல்லாது. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகக் குழு ஒன்று கடல் அட்டையின் தோலை இழுவைக் கருவியில் மாட்டி, இழுக்க இழுக்கவே எக்ஸ்-கதிரையும் பாய்ச்சியது. கொலாஜன் இழையில் ஏறக்குறைய 67 நானோமீட்டருக்கு ஒரு பட்டை உண்டு. இழை நீண்டால் பட்டைகளின் இடைவெளியும் கூடும். எக்ஸ்-கதிர் அதை அளக்கும். மொத்தத் தோலும் எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீள்கிறது என்பதைக் கருவி சொல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் விறைப்பது இழையா, இழைகளுக்கு நடுவே உள்ள பொருளா என்று பிரித்தறிய முடிந்திருக்காது.

இழை மாறவில்லை. மாறியது நடுவே உள்ள பொருள். அது இறுகும்போது இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுமையைப் பகிர்கின்றன. இளகும்போது வழுக்கி நகர்கின்றன. டென்சிலின் என்ற புரதம் இப்படி இழைகளைச் சேர்த்துப் பிடிக்க உதவுவது இதற்கு முன்பே தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் இதே உத்தியைப் பின்பற்றி 2008லேயே ஒரு செயற்கைப் பொருளைச் செய்துவிட்டார்கள். உலர்ந்திருக்கையில் விறைப்பு, ஈரம் பட்டதும் இளக்கம். மூளைக்குள் செருகும் மின்முனைகளுக்கு அது உதவும் என்பது அவர்கள் எண்ணம்.